பிரேக் பேடை நீங்களே மாற்றலாம், பில்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரிந்தது 1909-இல். திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நாரில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அன்றைய கேஸ் விளக்குகளின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் இங்கே ஆலை வந்தது. இன்று ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் இதே மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் எல்லாவற்றையும் பிரித்தெடுக்கிறது. இந்தப் பட்டியலில் பைக் வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர்கள் இரண்டு: கார்னெட், சிர்கான். கார்னெட்டைக் கொண்டு உப்புத்தாள் செய்கிறார்கள், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரோடு கலந்து இரும்பையே அறுக்கிறார்கள். சிர்கானும் கடினத்தில் அதற்குக் குறைந்ததல்ல. கடப்புறத்துச் சாலையில் காற்று அள்ளிப் போடுகிற மணலில் இவை இருக்கின்றன. அந்த மணல் முன்சக்கரத்தின் டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே புகுந்தால் இரண்டையும் அரம் போல் அராவிவிடும்.

மணலைவிடக் கெட்டது உப்புக்காற்று. அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் முன் டிஸ்க் பிரேக்கில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். லிவரை அழுத்தினால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத் தள்ளும். பேடுகளைத் தாங்கும் கேலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கத்துப் பேடையும் டிஸ்கோடு சேர்த்துப் பிடிக்கும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து உப்பு உள்ளே போனால் பின் துருப்பிடித்து இறுகும். அப்புறம் கேலிப்பர் நகராது. ஒரு பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது, மற்றது இரும்புத் தகடுவரை தேய்ந்து போயிருக்கும். நின்றபடியே குனிந்து வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் ஓடும்" என்று சொல்வது இந்தக் கரையில் ஆபத்தான பழக்கம். இரண்டு பேடையும் பார்க்க வேண்டும். உள்பேடைப் பார்க்க டார்ச் வெளிச்சம் வேண்டும்.

முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் சும்மா தண்ணீர் அல்ல, மீனோடு சேர்ந்த உப்புத்தண்ணீர். அது பின்சக்கரத்தின் மேலேயே வடிகிறது. பின்னால் டிரம் பிரேக் இருக்கும் வண்டிகளில் அது பிரேக் ஆர்மையும் கேமையும் இறுக்கிவிடுகிறது. பெடலை விட்டாலும் பிரேக் முழுதாக விடுபடாமல் டிரம் சூடாகும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் குமரி மாவட்டத்துக்குக் கிடைக்கின்றன. பயிருக்கு அது வரம். பிரேக்குக்கு, ஆண்டில் பாதி நாள் ஈரமும் சேறும் என்று பொருள். ஆகவே "இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை" என்று உள்நாட்டு ஊரில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. மாதம் ஒரு முறை பார்த்துவிடுவதே சரி.

பேடை வீட்டில் நாமே மாற்றலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. மாற்றலாம், அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம். அதே மாடலுக்கான பேடைப் போடுவது வண்டியை மாற்றியமைத்தது ஆகாது. சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் பல வண்டிகளில் இதைச் செய்ய முடியும். தன் கையால் ஒரு முறை கேலிப்பரைத் திறந்து பார்த்தவர், அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் "பேட் போச்சு, டிஸ்கும் போச்சு" என்று சொன்னால் நம்புவதா இல்லையா என்று தானே முடிவு செய்வார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். ஆனால் பிரேக் குழாயைத் திறக்க வேண்டிய வேலை, பிஸ்டன் சீல் மாற்றும் வேலை, ஏ.பி.எஸ். யூனிட்டைத் தொடும் வேலை ஆகியவை வீட்டு முற்றத்தில் பழகத் தக்கவை அல்ல. அவற்றைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவை எல்லாவற்றுக்கும் பிரேக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. நல்ல பிரேக் அதைச் சுமார் 10 மீட்டரில் நிறுத்தும் என்றால், பாதி பிடிக்கிற பிரேக்குக்கு 20 மீட்டர் வேண்டும். மாசிக் கொடைத் திருவிழா நாளில் மண்டைக்காட்டுக் கோயில் சாலையில் அந்தக் கூடுதல் 10 மீட்டருக்குள் எத்தனை பேர் நடந்து போவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும்.

பேட் மாற்ற வேண்டியதை எப்படி அறிவது? பேடின் உராயும் பகுதியில் நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. கோடு இல்லாத பேடில், தகட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். உங்கள் வண்டிக் கையேடு அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள். கீச்சென்ற சத்தம் தூசியாலும் வரலாம். கரகரவென்று இரும்பு உராயும் சத்தம் வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள், தகடு டிஸ்கைத் தின்றுகொண்டிருக்கிறது. டிஸ்கின் மீதே அதன் குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்கில் புதுப் பேட் போடுவது காசை வீணாக்குவது.

இன்னொரு அடையாளம் ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் கப்பில் தெரியும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த அளவுக்குக் கப்பில் ஆயில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டால், பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த அடையாளத்தையே அழித்துவிடுகிறோம்.

கடையில்

வேலையின் கடினமான பகுதி ஸ்பானரில் இல்லை, வாங்குவதில்தான் இருக்கிறது. ஒரே பெயரில் வரும் பைக்கிலேயே ஆண்டுக்கு ஆண்டு கேலிப்பர் மாறுகிறது. ஏ.பி.எஸ். உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் பேட் வேறாக இருக்கலாம். ஆகவே வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், ஆர்.சி.யில் உள்ள உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய பேடைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்த் தகட்டின் வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு. இரண்டு பேடையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் தனியாகக் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளரின் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். பிரபலமான பெயரை ஓரெழுத்து மாற்றி அச்சிட்ட டப்பா, மங்கிய அச்சு, தொகுப்பு எண் இல்லாத பேட், உராயும் பகுதியின் ஓரம் பொடியாக உதிர்வது, தகட்டில் பெயின்டுக்கு அடியில் துரு, இவற்றில் எதைக் கண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒரிஜினல்தாண்ணே, டப்பா மட்டும் இல்ல" என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கும் பேடை எத்தனை மலிவானாலும் வாங்காதீர்கள். அந்தப் பேட் நாளைக்கு எதையாவது செய்துவிட்டால், யார் மேல் புகார் சொல்வீர்கள்? அதில் யார் பெயரும் இல்லையே.

பில் கேட்பது கடைக்காரரை அவமதிப்பது என்ற கூச்சம் நம் ஊர்களில் இருக்கிறது. தெரிந்த அண்ணாச்சி கடை, பக்கத்து வீட்டுத் தம்பி கடை என்றால் வாய் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளுக்கோ சேவைக்கோ உரிய பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகச் செயல் என்கிறது. எனவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. பில்லில் "ஸ்பேர்ஸ்" என்று மட்டும் எழுதிவிடாமல், பேடின் நிறுவனப் பெயரும் பாக எண்ணும் வருமாறு கேளுங்கள்.

போலிப் பொருளை அந்தச் சட்டம் கடுமையாக நடத்துகிறது. உண்மையானது என்று பொய்யாகச் சொல்லிப் போலியை விற்பவர், சேமிப்பவர், தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் எல்லாருக்கும் 91-ஆம் பிரிவு தண்டனை வைத்திருக்கிறது. அதனால் நுகர்வோருக்குச் சிறு காயம் என்றால் ஓராண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும். கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, அது ஆயுள் வரை நீளலாம், அபராதமும் பத்து லட்சத்துக்குக் குறையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவும் உண்டு. மத்திய அரசு முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அறிவித்த உதிரிபாகத்தை விதிக்குப் புறம்பாக விற்றால், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ என்று அது சொல்கிறது.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை. விற்பவர் யார் என்ற விவரத்தைத் தளம் காட்ட வேண்டும். குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலைத் திறக்கும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

முற்றத்தில்

வண்டியை ஒதுக்குப்புறமான, மணல் இல்லாத தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடப்புறத்து வீடுகளில் முற்றமே மணல்தான் என்றால் ஒரு தார்ப்பாயையாவது விரித்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் டிஸ்கும் ஆறியிருக்க வேண்டும். மூக்கை மூடி மாஸ்க் போடுங்கள். கேலிப்பரில் படிந்த கருந்தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுப் பம்பாலும் அடிக்காதீர்கள். கல்நாருக்கு இந்தியாவில் இன்னும் முழுத் தடை வரவில்லை. கழற்றுகிற பழைய பேட் எதனால் செய்யப்பட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புகளில் காலையிலிருந்து மாலை வரை இந்தத் தூசியைக் காற்றடித்துக் கிளப்பிக்கொண்டு நிற்கிற பையன்களையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுப்பது முதலாளிக்கு ஒரு செலவே அல்ல.

முதலில் பேடைப் பிடித்திருக்கும் பின்னைக் கேலிப்பர் வண்டியில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். பெரும்பாலும் அது ஆலன் கீயில் கழலும். உப்பில் இறுகிய பின்னை வெறும் பலத்தால் திருகினால் தலை வழுக்கிவிடும். பிறகு கேலிப்பரை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கேலிப்பரை மெதுவாக எடுங்கள். அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கயிற்றால் கட்டி வையுங்கள். ஏ.பி.எஸ். வண்டி என்றால் சக்கரத்தருகே வரும் சென்சார் ஒயரை இழுக்காதீர்கள். இந்த நேரம் முழுவதும் யாரும், குறிப்பாக வண்டி மேல் ஏறி விளையாடும் பிள்ளைகள், பிரேக் லிவரைத் தொடக் கூடாது. கேலிப்பர் வெளியே இருக்கும்போது லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். வேலை அப்போதே வீட்டு வேலை என்ற எல்லையைத் தாண்டிவிடும்.

பழைய பேடை எடுத்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமமாகத் தேயாமல் ஒன்று மெலிந்தும் ஒன்று கனத்தும் இருந்தால், நான் முன்பு சொன்ன, கேலிப்பர் வழுக்கி நகரும் பின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பின்னை வெளியே எடுத்துத் துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி, கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றுங்கள். அதைச் செய்யாமல் புதுப் பேடைப் போட்டால் அதுவும் அதேபோல் தேயும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும்.

புதுப் பேட் கனமானது. அதற்கு இடம் வேண்டுமானால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும் முன் பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைச் சோப்புத் தண்ணீரால் சுத்தமாகத் துடையுங்கள். உப்பும் மணலும் படிந்த பிஸ்டனை அப்படியே தள்ளினால் சீல் கிழியும். மேலே ஆயில் கப்பின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி சுற்றுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே ஏறும், முன்பே யாராவது நிரப்பியிருந்தால் வழியும். அந்த ஆயில் டாங்கின் பெயின்டை உரித்துவிடும், கண்ணில் பட்டால் எரியும், பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிஸ்டனைக் கையாலோ பழைய பேடை வைத்து அழுத்தியோ நேராகத் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கையால் தள்ள அசையவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பேடைப் போடும்போது உராயும் முகத்தை விரலால் தொடாதீர்கள். டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள், கிடைக்காவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் டிஸ்குக்கு அருகில் வரவே கூடாது. எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்தும் சுட்டும் பயன்படுத்தச் சொல்லும் யோசனைகள் நிறைய உலவுகின்றன. அவற்றை நம்பாதீர்கள், அந்தப் பேட் குப்பைக்குத்தான். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், இறுக்கி, அடுத்துச் சொல்வதுபோல் லிவரையும் கெட்டியாக்கிய பிறகு ஏதாவது ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது வருவதுதான் முதல் முறை செய்கிறவர்களை விழவைக்கும் இடம். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இந்த நிலையில் வண்டியை எடுத்தால் முதல் தடவை லிவரை அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொடும், பிரேக் பிடிக்காது. தெருமுனைக்குப் போய்த்தான் அது தெரியும். வண்டியை நிறுத்தி வைத்தபடியே லிவரைத் திரும்பத் திரும்ப அழுத்திவிடுங்கள், கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் வரை. "லிவர் கல்லு மாதிரி நிக்காம வண்டிய உருட்டாத மக்களே, கேட்டியா" என்று இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான். எத்தனை முறை அழுத்தியும் பஞ்சு போலவே அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. கெட்டியான பிறகு ஆயில் அளவைப் பார்த்து மூடியைப் போடுங்கள்.

ஊற்ற வேண்டியிருந்தால் கப்பின் மூடியிலேயே டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள், புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் கெட்டு மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டி வரும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதற்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சமே 155 டிகிரிதான். நம் கடற்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதுப் பேட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி பிடித்துப் பழக்குங்கள். முதல் சில நாள் முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து கூடுதலாகத் தள்ளியே ஓட்டுங்கள். அந்த நாள்களில் தம்பியோ நண்பரோ வண்டி கேட்டால் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பொறுப்பும் உரிமையும்

வண்டி கேட்பவரிடம் விஷயத்தைச் சொல்வதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை, ஓட்ட விடுபவரையும் பிடிக்கிறது. குறை தனக்குத் தெரியாது என்பதும் எப்போதும் எடுபடாது. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக் கூடியதா என்றுதான் சட்டம் கேட்கிறது. அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பேட் வாங்கிய பில், மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், மாற்றும்போது எடுத்த போட்டோ இவை உங்களிடம் இருந்தால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்ட அதுவே சான்று.

வாரன்டி காலத்தில் உள்ள வண்டியைத் தானே பிரித்தால் வாரன்டி போய்விடுமா என்பது நியாயமான பயம். 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததும், வெளியே பழுதுபார்த்தால் வாரன்டி ரத்து என்று மிரட்டியதும் அந்த வழக்கின் மையம். வெளியே வேலை செய்தார் என்பதற்காகவே மொத்த வாரன்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று ஆணையம் சொன்னது. அபராதம் பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது. அது கார்களைப் பற்றிய உத்தரவுதான், பைக்குக்கு அப்படியே காட்ட முடியாது. ஆனால் காற்று அந்தத் திசையில் வீசுகிறது. 2022 டிசம்பர் 24-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் கருத்து இது: வாரன்டி முடியும் வரை பிரேக் வேலையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் செய்துகொள்ளுங்கள், பழைய பேடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு வீட்டில் செய்யுங்கள்.

வீட்டில் செய்யும்போது ஒன்றை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். பேடில் குறை என்றால் விற்றவரும் தயாரித்தவரும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் தவறாகப் பொருத்தியிருந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்பவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று நுகர்வோர் சட்டத்தின் 87-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே அளவு பொருந்தவில்லை என்று பேடின் தகட்டை அரத்தால் ராவிப் போடாதீர்கள். அது பாதுகாப்பையும் கெடுக்கும், வழக்கையும் கெடுக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றிய பேட் கெட்டால் அது சேவைக் குறைபாடு. கூலிக்கும் பாகத்துக்கும் தனித்தனியாகப் பில் இருப்பது நல்லது. வண்டி அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினாலும் கவலை வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது.

வாங்கிய பேட் சில நாளில் தகட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை வண்டியை நிறுத்துவது. அடுத்தது கடைக்காரரிடம் கோபத்தில் அந்தப் பேடைக் கொடுத்துவிடாமல் இருப்பது. அது போய்விட்டால் சான்றே போய்விட்டது. போட்டோ எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வைத்துக்கொண்டு, கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். டப்பாவில் விவரம் இல்லாததற்கும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்கும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பேடை எங்கோ தொலைவில் உள்ள ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறை என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒட்டிய உறையில் பேடை வைக்கச் சொன்னது அதற்காகத்தான். ஆய்வகக் கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், காணொளி வழியாக ஆஜராகவும் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும், வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கும் அங்கே உதவி இலவசம்.

குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கடைகளில் இப்போது கொடுக்கும் வழவழப்பான தாள் பில்லில் மை அவ்வளவு காலம் நிற்காது. வெயிலும் வியர்வையும் பட்ட பர்ஸில் சில மாதத்தில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் டப்பாவின் ஆறு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.